வேன் போன் யாருக்கு வால் ஆட்டும்?

"அந்த ஸ்ரீநாத்துதான் மேடம் ஆளு. வேணும்னா பெட் கட்றேன்" என்றான் ராகேஷ், பைக்குக்கு ஸ்டாண்ட் போடுவதற்கு முன்பாகவே.

நிவேதிதா பின் இருக்கையிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். "அவனை நீ இன்னும் பார்க்கவே இல்லையே?"

"பாக்காட்டி இன்னா? கம்பெனி ஓனரே போன்ல சொல்லிட்டாரே, அவன் மேலதான் டவுட்டுன்னு."

"கேஸ் கொடுக்கிறவர் சொல்றதை அப்படியே ஒப்பிச்சா அதுக்குப் பேர் துப்பறியறது இல்ல ராகேஷ். டைப் அடிக்கிறது."

ராகேஷ் வாயை மூடிக்கொண்டான். வாயைத்தான் மூட முடிந்தது, வயிற்றை அல்ல. அது காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. ஓனர் போனில் அந்தப் பெயரைச் சொன்னதும் நிவேதிதா, "எந்த ஸ்ரீநாத்? சேலத்துக்காரனா? என்கூடப் படிச்சவனாச்சே!" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் பிரச்னை. திருமுல்லைவாயில் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே, மருந்துக் கடை மாடியில் நடக்கும் அவளுடைய துப்பறியும் ஆபீசில் ராகேஷ் மூன்று வருடமாக உதவியாளன். அவளைச் சிரிக்க வைப்பதற்காகவே அவன் அடித்த ஜோக்குகளை மூட்டை கட்டினால் ஒரு லாரி கொள்ளாது. அவற்றில் ஒன்றுக்குக்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. எவனோ ஒருவனின் பெயர் மட்டும், பெயர் மட்டுமே, வந்து அதை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கீழே லேத் பட்டறை, மேலே கம்ப்யூட்டர் கம்பெனி. படியேறும்போதே இரும்பு சீவும் சத்தம் காதைக் குடைந்தது. மாடிக் கதவைத் திறந்து கும்பிட்டவர் கங்காதரன். ஐம்பது வயது, நெற்றியில் சந்தனம், சென்னீர்குப்பத்துக்காரர். அப்பா காலத்து நிலம் நெடுஞ்சாலைக்குப் போனதும் பள்ளிக்கூட வேன் ஓட்ட ஆரம்பித்தவர். பிள்ளையை ஏற்றி வரும் வேன் இப்போது எங்கே வருகிறது என்று பெற்றவர்கள் போனிலேயே பார்க்கும்படி ஒரு ஆப் செய்தால் என்ன என்று அவருக்குத்தான் முதலில் தோன்றியது. 'வண்டி வந்தாச்சு' என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

"சார், முதல்லயே சொல்லிடறேன். உங்க ஆப்பை எழுதற ஸ்ரீநாத் என் கிளாஸ்மேட். உங்களுக்கு அதுல ஆட்சேபணை இருந்தா நாங்க இப்படியே கிளம்பிடறோம்" என்றாள் நிவேதிதா.

"அட, இருக்கட்டும்மா. அவன் கள்ளத்தனம் உங்களுக்கு இன்னும் நல்லாவே தெரிஞ்சிருக்கும்" என்றார் கங்காதரன்.

ராகேஷுக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போய்விட்டது.

கங்காதரன் மேஜை டிராயரிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு செல்போனை எடுத்து வைத்தார். மூலையில் கீறல் விழுந்த சாதாரணப் போன். ஆனால் அதுதான் அந்தக் கம்பெனியின் உயிர். இந்த டெர்ம் முழுக்கப் பூந்தமல்லி பள்ளி வேன் ஒன்றில் டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சோதனை ஓட்டம் போன போன் அது. வேன் போன பாதையெல்லாம் அதற்குள்தான் பதிவாகியிருந்தது. சாயங்காலம் நான்கு மணிக்குப் பள்ளிகளின் தாளாளர்கள் வருகிறார்கள். அவர்கள் கண் முன்னால் ஆப்பின் புது வடிவத்தை இந்தப் போனில் ஓட்டிக் காட்டினால் எல்லாப் பள்ளி வேன்களும் இவர்கள் கைக்கு வரும். காட்ட முடியாவிட்டால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

"இன்னிக்கு இதுல ஆப் ஏறவே மாட்டேங்குது. மத்த போன்ல எல்லாம் ஏறுது. இதுல மட்டும் 'இன்ஸ்டால் ஆகவில்லை'ன்னு மூஞ்சில அடிக்குது" என்றார் கங்காதரன், போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து ஒரு தரம் பார்த்துவிட்டு. "ஸ்ரீநாத்து வேற கம்பெனியோட கூட்டு சேர்ந்துகினு உள்ள என்னமோ சூனியம் வச்சிருக்கான். அதான் யாரையும் தொட விடாம கவர்ல போட்டு வச்சிருக்கேன். ஸ்டேஷன்ல எஸ்.ஐ. நமக்குத் தெரிஞ்சவரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா, தாளாளருங்க வர்றதுக்குள்ள அவனைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"போன்லயே சூனியமா?" என்றான் ராகேஷ். "எலுமிச்சம்பழத்தை எந்த ஓட்டைல சார் சொருவுனாங்க? சார்ஜர் ஓட்டை சின்னதாச்சே?"

கங்காதரன் சிரிக்கவில்லை. நிவேதிதாவும் சிரிக்கவில்லை. கதவருகில்தான் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நிவி!"

வந்தவன் உயரமாக இருந்தான். தடிமனான கண்ணாடி, மடித்துவிட்ட முழுக்கை சட்டை, கையில் இரண்டு டம்ளர் காபி. எந்த நேரமும் போலீஸ் வரலாம் என்ற நிலையிலும் முகத்தில் ஒரு கலகலப்பு.

"ஸ்ரீநாத்! கொஞ்சம்கூட மாறலடா நீ" என்றாள் நிவேதிதா.

"நீயும்தான். இந்தா, சர்க்கரை இல்லாம." அவன் டம்ளரை நீட்டினான். "அதெல்லாம் மறப்பேனா? ஷட்டில்ல டபுள்ஸ் பார்ட்னர் ஆச்சே!"

ராகேஷ் அப்படியே நின்றான். மூன்று வருடம். மழையோ வெயிலோ, ஸ்டேஷன் வாசல் கடையிலிருந்து அவளுக்குக் காபி வாங்கி வருவது அவன்தான். கூடுதல் சர்க்கரை போடச் சொல்லி, அதற்காகக் கடைக்காரரிடம் சண்டை பிடித்து வாங்கி வந்திருக்கிறான். அவளும் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்திருக்கிறாள். நல்ல மனசு என்று நினைத்திருந்தான். இப்போது அவள் அந்தச் சர்க்கரை இல்லாத காபியை ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடித் திறந்ததைப் பார்த்தபோது, மூன்று வருடத்துக் காபியும் மொத்தமாக அவன் வயிற்றிலேயே போய்ப் புளித்தது.

"உன் வேலையைப் பார்க்கலாமா?" என்றாள் நிவேதிதா ஸ்ரீநாத்திடம், குரலை மாற்றிக்கொண்டு. "இது ஏறாததுக்கு என்னென்ன காரணம் இருக்கலாம்?"

"முதல்ல இடம். போன் ரொம்பியிருந்தா ஏறாது. பார்த்தேன், இடம் தாராளமா இருக்கு. ரெண்டாவது அனுமதி. ப்ளே ஸ்டோர்லேர்ந்து வராத ஆப்பைப் போன் சந்தேகப்படும், செட்டிங்ஸ்ல அனுமதி கொடுக்கணும். கொடுத்தாச்சு. கேபிளை மாத்தினேன், ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன், தேதி சரியா இருக்கான்னு பார்த்தேன். எல்லாம் சரி. இதுக்கு மேல லேப்டாப்ல மாட்டி உள்ள என்ன அடைச்சுட்டு இருக்குன்னு தோண்டிப் பார்க்கணும். தேவைன்னா அழிச்சுட்டு ஏத்தணும். கொஞ்ச நேரம் கொடுத்தா முடிச்சுடுவேன்."

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று துள்ளினார் கங்காதரன். "அழிக்கறேன்றான்! தடயத்தை அழிக்கத்தான் துடிக்கிறான்!"

"கரெக்டு சார்!" என்றான் ராகேஷ், யாரும் கேட்காமலே.

நிவேதிதா போனைக் கவரிலிருந்து எடுத்து, மேலிருந்து கீழாக விரலை இழுத்தாள். வைஃபை, டார்ச், புளூடூத் என்று வரிசையாகக் குட்டிப் படங்கள் வந்தன. ஓரத்தில் ஒரு மனிதத் தலை மாதிரி சின்னதாக ஒன்று இருந்தது. அதைத் தொட்டாள். 'முதல் பயனர்' என்று ஒரு பெயரும் அதற்குக் கீழே 'புதிய பயனர்' என்று இன்னொன்றும் வந்தன.

ஸ்ரீநாத் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "அட! இது என் கண்ணுல படவே இல்லையே!"

"என்னது அது?" என்றார் கங்காதரன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஒரே போனுக்குள்ள ரெண்டு குடித்தனம் சார். இவருக்குத் தனி ரூம், அவருக்குத் தனி ரூம். நாம இந்த ரூம்ல தேடிட்டு ஆப் இல்லைன்னு நினைச்சுட்டு இருக்கோம். அது அந்த ரூம்ல உட்கார்ந்திருக்கு" என்றான் ஸ்ரீநாத்.

"எலி வளையானாலும் தனி வளைன்னு யாரோ குடி வந்துகீறாங்க" என்றான் ராகேஷ்.

நிவேதிதா 'புதிய பயனர்' மீது விரல் வைத்தாள். திரை ஒரு முறை இருண்டு, பூட்டு வந்தது. ரகசிய எண் கேட்டது. எண்கள் ஒவ்வொன்றும் இட்லி அளவில் இருந்தன.

"இன்னா மேடம் இது, அம்மாம் பெருசா கீது எழுத்து? ரோட்ல நின்னுகினே படிக்கலாம் போலகீதே!" என்றவன், சட்டென்று ஸ்ரீநாத்தின் தடித்த கண்ணாடியைப் பார்த்தான். ஆபீசிலேயே கண்ணாடி போட்டிருந்த ஆள் அவன் ஒருவன்தான். ராகேஷின் மனசுக்குள் தேங்காய் உடைந்தது. மாட்டினான்.

நிவேதிதா ராகேஷை ஒரு கணம் கூர்ந்து பார்த்தாள். "நல்லாக் கவனிச்சே" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் அம்பத்தூர் ஏரியில் குதிக்கச் சொன்னாலும் குதித்திருப்பான்.

"சரி ஸ்ரீநாத், அந்த ரூம்ல ஆப் இருந்தா இந்த ரூம்ல ஏன் ஏற மாட்டேங்குது?"

"முத்திரைதான் காரணம். ஒவ்வொரு லேப்டாப்பும் அதுல கட்டுற ஆப்புக்குத் தன்னோட முத்திரையைக் குத்தும். போன் ஒரு விஷயத்துல ரொம்பக் கறார். ஒரே பேர்ல வேற முத்திரையோட ஒரு ஆப் உள்ள இருந்தா, புதுசா வர்றதை விடாது. எந்த ரூம்ல இருந்தாலும் சரி, வீடு ஒண்ணுதானே? அதே முத்திரையோட வந்தா மட்டும் வா வான்னு சேர்த்துக்கும்."

"வீட்டு நாய் மாதிரி" என்றாள் நிவேதிதா. "எஜமானுக்கு மட்டும்தான் வால் ஆட்டும்."

"அதேதான்!"

"அப்போ ரகசிய எண்ணை உடைக்கவே வேண்டாம். ஆப் கட்டுற லேப்டாப்பை எல்லாம் வரிசையா நிறுத்துவோம். ஒவ்வொண்ணுலயும் கட்டி இந்தப் போன்ல போட்டுப் பார்ப்போம். போன் யாரோடதை ஏத்துக்குதோ, அவங்கதான் அந்த ரூம்ல குடியிருக்கிறவங்க."

ஸ்ரீநாத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் இருந்த வியப்பை ராகேஷால் தாங்க முடியவில்லை. மூன்று வருடமாக அதே பார்வையைத்தான் அவனும் பார்த்துக்கொண்டிருக்கிறான். பேடன்ட் வாங்கி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

"இங்கே யார் யார் லேப்டாப்புல ஆப் கட்டுவீங்க?"

"நான், வர்ஷா. ரெண்டே பேர்தான்." உள்ளறையில் வேலை செய்துகொண்டிருந்த வர்ஷாவை ஸ்ரீநாத் கூப்பிட்டான். ஒல்லியான பெண், லேப்டாப்பை அணைத்தபடி பயந்த முகத்தோடு வந்தாள்.

"உங்களோடது சார்?"

"என்னுது கணக்கு பார்க்கிற லேப்டாப்மா" என்றார் கங்காதரன். "எனக்கு அதெல்லாம் அ, ஆ கூடத் தெரியாது."

லேப்டாப்புகள் ஆப்பைக் கட்டிக்கொண்டிருந்த இடைவெளியில் ஸ்ரீநாத் நிவேதிதாவின் பக்கம் குனிந்தான். அவன் மெதுவாகத்தான் பேசினான். ஆனால் பொறாமைக்காரனுக்கு லேத் பட்டறைச் சத்தத்திலும் காது கேட்கும்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாயேன் நிவி. அம்மா ஊர்லேர்ந்து வந்திருக்காங்க. உன்னைப் பத்தி கேட்டுட்டே இருக்காங்க."

"வரேன்" என்றாள் நிவேதிதா.

ஒரே வார்த்தை. யோசிக்கக்கூட இல்லை. ராகேஷ் மனசுக்குள் விசாரணையைத் தொடங்கிவிட்டான். அம்மா ஏன் கேட்கிறாள்? எதற்குக் கேட்பாள்? கல்யாண விசாரிப்புதான் அவர்கள் ஆபீசுக்குச் சோறு போடும் தொழில். தெரு முனை டீக்கடையில் நின்று மாப்பிள்ளைகளின் வண்டவாளத்தை விசாரிப்பதில் ராகேஷை அடிக்க ஆள் கிடையாது. ஒரு அம்மா ஒரு பெண்ணைப் பற்றி எதற்குக் கேட்பாள் என்று அவனுக்கா தெரியாது? இவனைப் பற்றி விசாரித்தால் என்ன தேறும்? கலகலப்பான ஆள், நல்ல சம்பளம், காபியில் சர்க்கரை வேண்டாம் என்பது வரை ஞாபகம் வைத்திருக்கும் ஆள். சொக்கத் தங்கம். அதுதான் அவனை இன்னும் எரித்தது. ஒரு சின்னக் குறையாவது இருந்து தொலைக்கக் கூடாதா?

"ராகேஷ், போனை நீ பிடி" என்றாள் நிவேதிதா.

"நானா மேடம்?"

"நான் ஸ்ரீநாத்துக்கு ஃப்ரெண்ட். நான் தொட்டா சார் ஒத்துக்க மாட்டார். உனக்கு இங்கே வேண்டியவங்களும் யாரும் இல்ல, வேண்டாதவங்களும் யாரும் இல்ல."

ராகேஷ் போனை வாங்கிக்கொண்டான்.

முதலில் வர்ஷா. ஃபைல் கேபிள் வழியாகப் போனுக்குள் வந்தது. ராகேஷ் 'இன்ஸ்டால்' என்பதைத் தொட்டான். ஒரு கோடு ஓடியது, நின்றது. 'இன்ஸ்டால் ஆகவில்லை. ஏற்கெனவே உள்ளதுடன் முரண்படுகிறது.' ராகேஷ் திரையை எல்லோருக்கும் காட்டினான். வர்ஷா பெருமூச்சு விட்டு உட்கார்ந்தாள்.

அடுத்து ஸ்ரீநாத். கேபிளைக் கழற்றிய ராகேஷ், வெளிச்சம் வேண்டும் என்பவன் போல ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். இப்போது திரை அவனுக்கு மட்டும்தான் தெரிந்தது. தொட்டான். கோடு ஓடியது. ஏத்துக்கோ, ஏத்துக்கோ என்று மனசுக்குள் கெஞ்சினான். திருவேற்காட்டு அம்மனுக்குக்கூட அவன் அவ்வளவு மனமுருகி வேண்டியதில்லை.

'இன்ஸ்டால் ஆகவில்லை.'

அதே வரி, அதே எழுத்து. போன் ஸ்ரீநாத்தை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது. அவன் நிரபராதி. ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் காபி இருக்கும், அம்மா இருப்பாள், நிவேதிதா இருப்பாள்.

ராகேஷ் 'சரி' என்ற இடத்தைத் தொட்டான். வரி மறைந்தது. திரும்பினான்.

"ஏத்துக்கிச்சு மேடம்."

அவன் குரலை அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

கங்காதரன் மேஜையில் ஓங்கி அடித்தார். "சொன்னேன்ல! நான் சொன்னேன்ல! உண்ட வீட்டுக்கு ரெண்டகம்!" என்று கத்தியபடி எஸ்.ஐ.க்குப் போன் போடத் தன் செல்லை எடுத்தார். ஸ்ரீநாத்தின் கலகலப்பெல்லாம் ஒரே நொடியில் வடிந்துவிட்டது. "நிவி, நான் இல்ல. சத்தியமா இல்ல. அந்தப் போனைக் காட்டச் சொல்லு" என்றான். ராகேஷ் எதிர்பார்த்த இனிப்பு எங்கேயும் இல்லை.

நிவேதிதா போனைக் காட்டச் சொல்லவில்லை. ராகேஷின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

"சார், போனைக் கீழே வைங்க. இன்னும் ஒரு லேப்டாப் பாக்கி இருக்கு" என்றாள்.

"எது?"

"உங்களோடது."

"அதான் கணக்கு பார்க்கிறதுன்னு சொன்னேனே!"

"நாளைக்குக் கோர்ட்டுல அவன் வக்கீல் முதல் கேள்வியா இதைத்தான் கேட்பார். அப்போ நீங்க முழிக்கக் கூடாதில்லையா? வர்ஷா, சார் லேப்டாப்பைத் திறங்க."

கங்காதரன் லேப்டாப் மேல் கை வைத்தார். பிறகு எல்லோரும் பார்க்கிறார்கள் என்று உணர்ந்து கையை எடுத்தார். வர்ஷா திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "சார்... ஆப் கட்டுற சாஃப்ட்வேர் இதுலயும் இருக்கு. 'வண்டி வந்தாச்சு'ன்னு கட்டி முடிச்ச ஃபைலும் இருக்கு."

"இந்தத் தடவை போனை நீங்களே பிடிங்க சார்" என்றாள் நிவேதிதா. ராகேஷின் கையிலிருந்து அவளே போனை எடுத்து அவரிடம் கொடுத்தாள். எடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கங்காதரன் தொட்டார். கோடு ஓடியது. நிற்கவில்லை. கடைசி வரை ஓடி முடித்து, 'ஆப் இன்ஸ்டால் ஆனது' என்று பச்சை எழுத்தில் சொன்னது. கீழே லேத் மட்டும் சீவிக்கொண்டிருந்தது.

"பெரிய எழுத்துதான் சொல்லிக் கொடுத்துச்சு" என்றாள் நிவேதிதா. "ஸ்ரீநாத்துக்குக் கிட்டப் பார்வை. தூரத்துல வர்ற ஷட்டில்காக் தெரியாம எத்தனை மேட்ச் தோத்திருக்கோம்னு எனக்குத்தான் தெரியும். ஆனா போனுல பொடி எழுத்தைக்கூட அவன் கண்ணாடியைக் கழட்டிட்டே படிப்பான். பெரிய எழுத்து வேணும்னா, அது போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடிச்சுப் படிக்கிறவருக்குத்தான் வேணும். வந்ததுலேர்ந்து அப்படிப் பிடிச்சவர் நீங்க ஒருத்தர்தான் சார்."

கங்காதரன் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அந்தப் போனையே தடவிக்கொண்டிருந்தார்.

"முதல் ஆப்பு நான் கட்டுனதும்மா" என்றார் கடைசியில். "வேன்ல டிரிப்புக்கு டிரிப் நடுவுல உக்காந்து வீடியோ பாத்துப் பாத்துக் கத்துகினேன். அப்பறம் இவன் வந்தான். எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டுப் புதுசா எழுதினான். நல்லாத்தான் எழுதினான், அதான் எனக்கு ஆறல. என் வேன், என் ஐடியா, ஆனா ஸ்கூல்ல போய் நின்னா 'ஸ்ரீநாத் சார் வரலையா'ன்றாங்க. என்னை டிரைவர்னு நினைச்சுகினு ஓரமா நிக்கச் சொல்றாங்க. நானும் விடாம என் ஆப்பை ஊட்ல கட்டிகினே இருந்தேன். இவன்துதான் ஒசத்தியா, என்னுது ஒசத்தியான்னு அதே போன்ல ஓட்டிப் பாக்கணும்னு வெறி. இவன்தை எடுத்துட்டு, தனி ரூம் போட்டு என்னுதை ஏத்தினேன். ஓட்டிப் பாத்துட்டு இவன்தைத் திரும்பப் போட்டேன், ஏறல. நம்ம ரூம் வேற, அந்த ரூம் வேற, நம்மளால இருக்காதுன்னு நெனச்சேன். இவன்தான் எனக்குக் குழி வெட்டிட்டான்னு தோணிடுச்சு. சத்தியமா அப்படித்தாம்மா தோணிச்சு."

ஸ்ரீநாத் அவரைக் கோபமாகப் பார்க்க முயன்றான், முடியவில்லை. அப்போதுதான் வர்ஷா, எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் கேட்காத அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அப்போ... ஸ்ரீநாத்தோடதைப் போன் எப்படி ஏத்துக்கிச்சு? ரெண்டு முத்திரையை ஏத்துக்காதே?"

எல்லாத் தலையும் ராகேஷ் பக்கம் திரும்பியது. நிவேதிதாவின் தலை மட்டும் திரும்பவில்லை.

"ஜன்னல் வெளிச்சம்ங்க" என்றான் ஸ்ரீநாத். "கண்ணு கூசும்போது ஆச்சா ஆகலையான்னே தெரியாது. எனக்கே எத்தனையோ தடவை ஆகியிருக்கு. விடுங்க பிரதர், பரவாயில்ல."

பிரதர்! கத்தியால் குத்தியிருந்தால்கூட ராகேஷ் தாங்கியிருப்பான். தன்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தவனுக்கு ஜாமீன் கொடுக்கிறான் இந்த மனுஷன், காபி டம்ளரை நீட்டிய அதே கையால். குறை ஒன்றாவது இருக்கக் கூடாதா என்று ஏங்கியவனுக்குக் கடைசி வரை ஒன்றும் கிடைக்கவில்லை. இவன் போடும் பிச்சையில் தப்பிப்பதைவிட மாட்டிக்கொள்வதே மேல்.

"வெளிச்சமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றான் ராகேஷ். "நல்லாத்தான் தெரிஞ்சுது. ஏத்துக்கலன்னுதான் வந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

ஸ்ரீநாத் அதற்கப்புறம் அவனைப் பார்க்கவில்லை. போனைக் கேபிளில் மாட்டி, இரண்டு ரூமிலும் இருந்த கங்காதரனின் ஆப்பை எடுத்துவிட்டுப் புது ஆப்பை ஏற்றும் வேலையில் இறங்கிவிட்டான். போன் இப்போது மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. தாளாளர்கள் வரும்போது வாசலில் நின்று வரவேற்கப் போவது யார் என்று கங்காதரன் தயங்கித் தயங்கிக் கேட்க, "நீங்கதான் சார், வேற யாரு?" என்றான் ஸ்ரீநாத். நிவேதிதா அவனிடம் மட்டும் தலையசைத்து விடைபெற்றுப் படியிறங்கினாள். ராகேஷ் பின்னாலேயே ஓடினான்.

தெருவில் வெயில் கொளுத்தியது. பைக் பக்கத்தில் வந்ததும் அவள் நின்றாள், ஆனால் ஏறவில்லை.

"மேடம், போலீஸ் வர்றதுக்குள்ள சொல்லிடலாம்னுதான்..."

"பொய் மேல பொய் அடுக்காதே." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "அந்த ரூம்ல எல்லாரையும் சந்தேகப்பட்டேன் ராகேஷ். கங்காதரனை, வர்ஷாவை, ஏன், ஸ்ரீநாத்தைக்கூடத்தான். நான் சந்தேகப்படாத ஒரே ஆள் நீ. அதனாலதான் போனை உன் கையில கொடுத்தேன்."

ராகேஷுக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வரவில்லை.

திருமுல்லைவாயில் பக்கம் போகும் ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. அவள் கை காட்டினாள்.

"வேலைக்கு வரட்டுமா, வேணாமா மேடம்? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அவள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபிறகு சொன்னாள். "நாளைக்குக் காலையில வா. ஆனா உள்ளே வர்றதுக்கு முன்னாடி வாசல்லயே நின்னு, ஏன் பொய் சொன்னேன்னு காரணத்தைச் சொல்லணும். முழுசா. அதைச் சொல்ல முடியலைன்னா அப்படியே திரும்பிப் போயிடு."

ஆட்டோ கிளம்பியது. ராகேஷ் பைக் மேல் சாய்ந்து நின்றுகொண்டான். லேத் பட்டறை ஆள் ஒருவர் வெளியே வந்து, "அண்ணாத்தே, வண்டிய எடுப்பா, லோடு வருது" என்றார். அவன் காதில் விழவில்லை.

"மேடம், நான் உங்களை..." என்று வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை நகரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.